பாட்டு தெரியும், மெட்டுப் போட்டவரைத் தெரியுமா?

சோமனூர்.

மாலை நேரம். தறிகள் ஓடிக் கொண்டு இருக்கின்றன. ‘தடக்… தடக்…’ என்று ஒரே சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசினால்கூடக் காதில் விழாது.

திடீர் என்று கரண்டு போகிறது. அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. ஊரே ஊமை ஆனது போல் ஓர் அமைதி!

அந்த அமைதியில் ஒரு பாட்டு கேட்கிறது. தறிக்கூடத்து வாசலில், செல்போனில், யாரோ வைத்த பாட்டு. “தூங்காதே தம்பி” என்ற பழைய பாட்டு.

திண்ணையில் ஒரு பெரியவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி. இருவருக்கும் இப்படிப் பேச்சு நடக்கிறது.

“இது யார் பாட்டு, கண்ணு?”

“எம்.ஜி.ஆர். பாட்டுங்க, அப்பாரு.”

“பாடினது?”

“டி.எம்.எஸ். தானுங்க.”

“எழுதினது?”

“பட்டுக்கோட்டையாருங்க. பள்ளிக்கூடத்திலே டீச்சர் சொன்னாங்க.”

“சரி. மெட்டுப் போட்டது?”

பேத்தி யோசிக்கிறாள். செல்போனை எட்டிப் பார்க்கிறாள். அதில் நடிகரின் படம் இருக்கிறது. வேறு விவரம் இல்லை.

“எம்.எஸ்.விசுவநாதனுங்களா?”

பெரியவர் சிரிக்கிறார். “இல்லை கண்ணு. அவருக்கு குரு!”

இந்தக் காட்சியை சோமனூரில் மட்டும் அல்ல. எந்த ஊரிலும் பார்க்கலாம். பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேருக்கும் பாட்டு தெரிகிறது. நடித்தவரைத் தெரிகிறது. பாடியவரைத் தெரிகிறது. மெட்டுப் போட்டவரை மட்டும் தெரியவில்லை.

அவர் பெயர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு.

காடா துணி

சோமனூர் மக்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. அவர்கள் தொழிலிலேயே இது இருக்கிறது.

சோமனூரில் தறியில் இருந்து இறங்குவது காடா துணி. சாயம் இல்லை. பூ இல்லை. கரை இல்லை. அந்தத் துணி வெளியூர் போகிறது. அங்கே வெளுக்கிறார்கள். சாயம் ஏற்றுகிறார்கள். பூப் போடுகிறார்கள். பிறகு ஒரு முத்திரை குத்திக் கடைக்கு அனுப்புகிறார்கள்.

வாங்குகிறவருக்கு முத்திரை தெரியும். நிறம் தெரியும். நெய்த கை யாருடையது? தெரியாது.

சுப்பையா நாயுடுவின் பாட்டுகளும் காடா துணி போலத்தான். அவற்றின்மேல் நடிகர்களின் நிறம் ஏறியது. பாடகர்களின் முத்திரை விழுந்தது. நெய்தவர் பெயர் மறைந்து போனது.

ஆனால், துணி நைந்ததா? இல்லை. 60 ஆண்டுகள், 70 ஆண்டுகள் ஆன பிறகும் கிழியாமல் இருக்கிறது. அதுதான் ஆச்சரியம்!

கோவையிலே சினிமா

சினிமா என்றால் சென்னை என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் கோவையும் சினிமா நகரமாக இருந்தது. சோமனூரில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் கோவைதான்!

சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த “ஹரிதாஸ்” 1944-ல் வெளிவந்தது. 3 தீபாவளிகளைக் கண்ட படம் என்று பேர் பெற்றது. அந்தப் படம் சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான் உருவானது.

இன்னொன்று பட்சிராஜா ஸ்டூடியோ. அதை நடத்தியவர் பட அதிபரும் டைரக்டருமான ஸ்ரீராமுலு நாயுடு.

எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம் “ராஜகுமாரி”. 1947-ல் வந்தது. ஜூபிடர் கம்பெனி கோவையில் எடுத்த படம். அதன் வசன வேலையில் கருணாநிதிக்கும் பங்கு உண்டு. பிற்காலத்தில் முதல்-அமைச்சர் நாற்காலியில் அமர்ந்த இருவரும் அன்று கோவையில் வாய்ப்புத் தேடிய இளைஞர்கள்!

அந்த “ராஜகுமாரி”க்கு இசை அமைத்தவர் யார்? சுப்பையா நாயுடு.

அவர் 1914-ல் பிறந்தவர். நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். ஆனால் அவருடைய தொழில் வேர் பிடித்தது கொங்கு மண்ணில்.

1954-ல் பட்சிராஜாவின் “மலைக்கள்ளன்” வந்தது. நாமக்கல் கவிஞர் எழுதிய கதை. கருணாநிதி வசனம். எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பு. சுப்பையா நாயுடு இசை. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதே கதையை ஸ்ரீராமுலு நாயுடு தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் எடுத்தார். ஆக, ஆறு மொழிகள். எல்லாவற்றுக்கும் தாய் வீடு கோவை!

குருவும் சீடரும்

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்த சிறுவன் ஒருவன் கோவைக்கு வந்தான். ஜூபிடர் கம்பெனியில் எடுபிடி வேலை. ஆனால் மனம் முழுவதும் பாட்டு. ஆர்மோனியப் பெட்டியைக் கண்டால் கை துறுதுறு என்று இருக்கும்.

அந்தச் சிறுவனைச் சுப்பையா நாயுடு தன் குழுவில் சேர்த்துக் கொண்டார். அவன்தான் பிறகு “மெல்லிசை மன்னர்” ஆன எம்.எஸ்.விசுவநாதன்.

குருவைப் பற்றி விசுவநாதன் பிற்காலத்தில் பலமுறை நன்றியோடு சொல்லி இருக்கிறார். ஜூபிடர் கம்பெனி சென்னைக்குப் போனபோது, “இந்தப் பையனிடம் திறமை இருக்கிறது. இவனை விட்டு விடாதீர்கள்” என்ற பொருளில் முதலாளியிடம் எடுத்துச் சொன்னவர் சுப்பையா நாயுடுதான். தன்னிடம் வேலை செய்த பையன் தன்னைவிடப் பெரிய ஆள் ஆகட்டும் என்று வழி விட்டார். அந்த மனம் எத்தனை பேருக்கு வரும்?

சீடரும் நன்றி மறக்கவில்லை. குருவின் கடைசிக் காலத்தில் ஒரு மகனைப் போல் பார்த்துக் கொண்டார். சுப்பையா நாயுடு 1979-ல் காலமானார். விசுவநாதன் 2015-ல் மறைந்தார்.

இன்று சீடர் பெயர் சின்னக் குழந்தைக்கும் தெரியும். குருவின் பாட்டுகளையும் சீடர் கணக்கில் எழுதி விடுகிறார்கள். விசுவநாதன் இருந்திருந்தால் அவரே இதை ஒப்புக் கொள்ள மாட்டார்!

கரை சேர்ந்த பாட்டுகள்

சுப்பையா நாயுடுவின் சில பாட்டுகளுக்குப் பெரிய புகழ் கிடைத்தது.

“கொஞ்சும் சலங்கை” 1962-ல் வந்தது. அதில் “சிங்கார வேலனே” பாட்டு. எஸ்.ஜானகியின் குரல். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம். ஆபேரி ராகம். குரல் எது, நாதசுரம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தும். கோவில் விழாவில் ஒலிபெருக்கி கட்டினால் அந்தப் பாட்டு இல்லாமல் இருக்காது.

“மரகதம்” 1959-ல் வந்தது. அதில் சந்திரபாபுவும் ஜமுனாராணியும் பாடிய “குங்குமப் பூவே” இன்றும் மேடைக் கச்சேரிகளில் கைதட்டல் வாங்குகிறது. அதுவும் பட்சிராஜா படம்தான்.

“நாடோடி மன்னன்” பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேத்தி கேட்டது அதைத்தான்.

கரையில் நிற்கும் பாட்டுகள்

புகழ் பெறாத பாட்டுகளும் உண்டு. அவற்றைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் கேட்டவர்கள் விட்டது இல்லை.

1958-ல் “அன்னையின் ஆணை”. 1963-ல் “கல்யாணியின் கணவன்”. இரண்டும் சிவாஜி படங்கள். ஆனால் சிவாஜியின் சிறந்த படங்கள் என்று பட்டியல் போட்டால் இந்த இரண்டையும் பலர் சேர்ப்பது இல்லை. பட்டியலோடு சேர்ந்து பாட்டுகளும் விட்டுப் போயின.

1969-ல் “மன்னிப்பு” என்று ஒரு படம். “வெண்ணிலா வானில்” என்று ஒரு பாட்டு. டி.எம்.எஸ்., சுசீலா பாடியது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மகிழும் ரசிகர்கள் இன்றும் உண்டு. படத்தின் கதையைக் கேட்டால் அவர்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது!

1970-ல் “தலைவன்”. எம்.ஜி.ஆர். படங்களில் அதிகம் பேசப்படாத படம். அதில் “நீராழி மண்டபத்தில்” என்ற பாட்டைப் பாடியவர் அப்போது புதிதாக வந்து இருந்த இளைஞர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம். புதுக் குரலுக்கு ஏற்ற புது மெட்டு. போட்டவருக்கு அப்போது வயது 55-ஐத் தாண்டி விட்டது!

ஏன் மறைந்தன?

“நல்ல பாட்டு என்றால் தானாகப் புகழ் பெற்று இருக்குமே! புகழ் பெறவில்லை என்றால் அது நல்ல பாட்டு இல்லை என்றுதானே அர்த்தம்?” என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் வேறு.

பாட்டுக்கு மட்டும் ஓடும் கால் கிடையாது. படம்தான் அதற்குக் கால். படம் 100 நாள் ஓடினால் பாட்டும் 100 நாள் ஓடும். படம் இரண்டு வாரத்தில் பெட்டிக்குள் போனால், பாட்டும் பெட்டிக்குள் போகும்.

அன்று செல்போன் கிடையாது. வீட்டில் கிராமபோன் வைத்து இருந்தவர்கள் பணக்காரர்கள். மற்றவர்கள் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் கொட்டகைக்குப் போக வேண்டும். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி கட்ட வேண்டும். அல்லது டீக்கடை ரேடியோவில் வர வேண்டும். ஒலிபெருக்கிக்காரர் எந்த இசைத்தட்டை வாங்குவார்? ஓடிய படத்தின் தட்டைத்தான். ஓடாத படத்தின் தட்டை வாங்கி அவர் நஷ்டப்படுவாரா?

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு ஒரு பெரிய உபகாரம் செய்தது. படம் ஓடியதா, ஓடவில்லையா என்று பார்க்காமல் நல்ல பாட்டுகளை அது வைத்தது. படம் பார்க்காத பல பாட்டுகள் தமிழ்நாட்டு மக்களுக்குத் தெரிய வந்தது அந்த ரேடியோவால்தான்.

ஆகவே, மறைந்த பாட்டு எல்லாம் மட்டமான பாட்டு அல்ல. ஓட்டமும் தரமும் வேறு வேறு.

ஏன் நிலைக்கின்றன?

சரி. மறைந்த பாட்டுகள் இன்னும் ஏன் இனிக்கின்றன?

முதல் காரணம், உழைப்பு. அந்தக் காலத்தில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே இடத்தில் கூடி, ஒரே மூச்சில் பாட்டை முடிக்க வேண்டும். வயலின்காரர் ஒரு சுரம் தவறினால் போதும். எல்லோரும் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். இன்று போல் தவறிய இடத்தை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது. அதனால் ஒத்திகை பல முறை நடக்கும். இது ஓடப் போகும் படமா, ஓடாத படமா என்று வாத்தியக்காரருக்குத் தெரியாது. எல்லாப் பாட்டுக்கும் ஒரே உழைப்புதான்!

இரண்டாவது காரணம், அளவு. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பிடிக்கும். அதற்குள் தொடக்கம், நடு, முடிவு எல்லாம் வேண்டும். வீண் சத்தத்துக்கு இடம் இல்லை. சொல் காதில் விழ வேண்டும். மெட்டு மனதில் விழ வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். புகழ் பெற்ற பாட்டைக் கேட்கும்போது நடிகரின் முகம் கூடவே வருகிறது. கண் பாதி, காது பாதி. படம் தெரியாத பாட்டில் முகம் இல்லை. காது மட்டும்தான். அப்போது அந்தப் பாட்டு, கேட்கிறவருக்கே சொந்தம் ஆகி விடுகிறது. அவரவர் வீடு, அவரவர் காதல், அவரவர் கண்ணீர் அதற்குள் போய் உட்கார்ந்து கொள்கிறது.

அதனால்தான், பெரிய பாட்டைக் கேட்டுக் கைதட்டுகிறவர்கள்கூட, சின்னப் பாட்டைக் கேட்டால் மவுனம் ஆகி விடுகிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை

இது தமிழ்நாட்டில் மட்டும் நடக்கும் விஷயம் அல்ல.

அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரை. அங்கே வாலிபர்கள் பலகைமேல் நின்று அலையில் சறுக்கி விளையாடுவார்கள். அந்த விளையாட்டைப் பாடி 1961-ல் ஒரு குழு புறப்பட்டது. பெயர் “பீச் பாய்ஸ்”. கடற்கரைப் பையன்கள் என்று பொருள். வில்சன் என்ற குடும்பத்தின் அண்ணன் தம்பிகள் மூன்று பேர், ஒரு உறவினர், ஒரு நண்பர். ஆக ஐந்து பேர். அந்தச் சகோதரர்களில் அலைச்சறுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான் என்பது வேடிக்கை!

அவர்களுடைய துள்ளல் பாட்டுகள் அமெரிக்கா முழுவதும் பரவின. ஆனால் மூத்தவரான பிரையன் வில்சன் துள்ளலோடு நிற்கவில்லை. 1966-ல் “பெட் சவுண்ட்ஸ்” என்ற இசைத்தட்டைத் தயாரித்தார். அலைச்சறுக்குப் பாட்டு இல்லை. ஒரு வாலிபனின் தனிமையும் ஏக்கமும்தான் அதில் இருந்தன.

அமெரிக்க மக்கள் அதை முந்திய தட்டுகளைப் போல் வாங்கவில்லை. 1968-ல் வந்த “ஃப்ரெண்ட்ஸ்” என்ற தட்டு இன்னும் மோசமாக விழுந்தது. “கடற்கரைப் பையன்கள் கடலைப் பாடினால் போதும்” என்று ஜனங்கள் நினைத்து விட்டார்கள்.

காலம் ஓடியது. இன்று என்ன ஆயிற்று? உலகத்தின் தலைசிறந்த இசைத்தட்டுகளில் “பெட் சவுண்ட்ஸ்” ஒன்று என்று இசை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். விழுந்த தட்டையும் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். பிரையன் வில்சன் 2025 ஜூன் மாதம் காலமானபோது, உலகமே அவருடைய ஏக்கப் பாட்டுகளைத்தான் பெரிதாகப் பேசியது.

அமெரிக்கர்கள் தேடினார்கள், கிடைத்தது. கொங்கு நாட்டுக்காரர்கள் தேட வேண்டாமா?

கொட்டும் கடையும்

இதில் அவசரமும் இருக்கிறது.

இந்தப் பாட்டுகளை வந்த காலத்திலேயே கேட்டவர்களுக்கு இப்போது 70 வயது, 80 வயது. எந்தப் பாட்டு எந்தப் படம், எந்தக் கொட்டகையில் பார்த்தது, யாரோடு பார்த்தது என்ற கணக்கு எல்லாம் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கிறது. ஏட்டில் இல்லை. அவர்கள் போய் விட்டால் அந்தக் கணக்கும் போய் விடும். கோவை ஸ்டூடியோக்கள் மூடிப் பல காலம் ஆகி விட்டது. கட்டடமும் போய், நினைவும் போய் விட்டால், கோவையில் சினிமா பிறந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

செல்போனில் பாட்டு கொட்டிக் கிடக்கிறது. உண்மைதான். ஆனால் கொட்டிக் கிடப்பது வேறு. கையில் கிடைப்பது வேறு. கேட்கிறவர்கள் அதிகம் உள்ள பாட்டையே செல்போனும் மேலே மேலே தள்ளுகிறது. பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? பெயரைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள்.

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வீட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாட்டு. தாத்தாவோ, பாட்டியோ சொல்லும் பாட்டு. அதைப் பேரப் பிள்ளைகள் தேடி எடுக்கட்டும். பாடியவர், எழுதியவர், மெட்டுப் போட்டவர், வந்த ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதட்டும். எழுதப் பழகுகிற பிள்ளைக்கு அது நல்ல பயிற்சி. பேச ஆள் இல்லாமல் உட்கார்ந்து இருக்கும் பெரியவருக்கு அது நல்ல மருந்து.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகளை ஆட விடுகிறார்கள். நல்லதுதான். நடுவில் ஒரு பாட்டு, கோவையில் பிறந்த பாட்டு, போட்டவர் பெயரோடு பாடினால் என்ன?

மேடைக் கச்சேரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. “அடுத்து எம்.ஜி.ஆர். பாட்டு” என்று அறிவிக்கிறீர்கள். கூடவே “இசை, எஸ்.எம்.சுப்பையா நாயுடு” என்று சொல்லுங்கள். மூன்று விநாடிகூட ஆகாது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் உழைத்ததற்கு மூன்று விநாடி கொடுக்கக் கூடாதா?

நெய்தவரின் கூலியைக் குறைத்தால் சோமனூர் பேசாமல் இருக்காது. ஊர்வலம் போகும், தறியை நிறுத்தும். கலைஞனுக்குப் பெயரும் ஒரு கூலிதான். அந்தக் கூலி இன்னும் பாக்கி இருக்கிறது.

கரண்டு வந்தது

தறிக்கூடத்தில் விளக்கு எரிகிறது. கரண்டு வந்து விட்டது. ஒவ்வொன்றாகத் தறிகள் ஓடத் தொடங்குகின்றன. ‘தடக்… தடக்…’ சத்தத்தில் செல்போன் பாட்டு முழுகி விடுகிறது.

பெரியவர் எழுந்து உள்ளே போகிறார். பேத்தி அங்கேயே உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டைத் திறக்கிறாள். கடைசிப் பக்கத்தில் எழுதுகிறாள்.

“இசை: எஸ்.எம்.சுப்பையா நாயுடு.”

எழுதி விட்டு உள்ளே குரல் கொடுக்கிறாள்.

“அப்பாரு! இவரு போட்ட பாட்டு இன்னும் என்னென்ன இருக்குதுங்க?”

தறிச் சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. அவள் நோட்டை எடுத்துக் கொண்டு உள்ளே ஓடுகிறாள்.